சிங்கப்பூர் வெக்கையில் பீர் புளிக்கவைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் போதும்

என்னுடைய முதல் பீர் கெட்டுப்போனதற்குக் காரணம் மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) இல்லை, கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவும் இல்லை. 20 லிட்டர் காய்ச்சி, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அறை 30 டிகிரி இருந்தது. பாட்டிலில் அடைத்து, நாள் எண்ணிக் காத்திருந்து, ஆசையாகத் திறந்தால் முதலில் வாழைப்பழ வாசம், அதற்குப் பின்னாலேயே நகப்பாலிஷ் அழிக்கிற திரவத்தின் நெடி. ஒரு கிளாஸிலேயே தலை கனத்தது. 20 லிட்டரையும் சிங்க்கில் கொட்டினேன். அப்புறம் அதே செய்முறை, அதே ஈஸ்ட், அதே வாளி, ஆனால் 19 டிகிரியில் புளிக்கவைத்தபோது வந்தது வேறு பீர். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: நம் வெக்கையில் விலை உயர்ந்த ஹாப்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்குங்கள்.

இட்லி மாவு அரைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காத மாவு, சித்திரையில் சில மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். ஈஸ்டும் அப்படித்தான். ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்டுகளுக்கு 18 முதல் 20 டிகிரி வரை சுகமான இடம். சூடு ஏறினால் அது வேகமாக வேலை செய்யும், அந்த அவசரத்தில் பழ வாசம் தருகிற எஸ்டர்களையும் தலைவலி தருகிற கனமான ஆல்கஹால்களையும் கூடவே உண்டாக்கிவிடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: புளிக்கும்போது ஈஸ்டே சூட்டை வெளிவிடுகிறது. அறை 30 என்றால் வாளிக்குள் 33, 34 இருக்கலாம். ஏசி அறையில் 24-இல் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தொடங்குவதற்கு முன் சட்டம். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர், ஒயின் தயாரிக்க உரிமம் தேவையில்லை, ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது, விற்கக் கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கவே கூடாது. ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

எந்த ஃப்ரிட்ஜ்

புதிது வேண்டாம். காரோசல் என்கிற ஆன்லைன் சந்தையில் வீடு மாறுகிறவர்கள் சின்ன ஃப்ரிட்ஜ்களை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒற்றைக் கதவு, 90 லிட்டர் அளவு, உள்ளே தனி ஃப்ரீசர் பெட்டி இல்லாதது கிடைத்தால் உத்தமம். ஃப்ரீசர் தட்டு இருந்தால் அதைக் கீழே வளைத்து இடம் பண்ணலாம் என்று சில வீடியோக்களில் காட்டுவார்கள். அந்தத் தட்டுக்குள்தான் குளிர்வாயு ஓடுகிறது, ஒரு விரிசல் விழுந்தால் ஃப்ரிட்ஜின் கதை முடிந்தது. இப்போதைய சின்ன ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், அது தீப்பிடிக்கிற வாயு. முதல் தடவை செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும்போது மூன்றே விஷயம் பாருங்கள். ஒன்று, உள்ளே கையால் திருகுகிற குமிழ் இருக்க வேண்டும். பட்டன், திரை வைத்த மாடல்களில் சில, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காது, நமக்கோ ஃப்ரிட்ஜை நாள் முழுக்க அணைத்து அணைத்துப் போட வேண்டும். இரண்டு, கம்ப்ரசர் வைத்ததாக இருக்க வேண்டும். சத்தமே போடாத, ஹோட்டல் அறை வகை குட்டிப் பெட்டிகள் நம் வெக்கையில் 20 லிட்டரைக் குளிர்விக்கத் திணறும். மூன்று, கதவு ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், பிடித்து வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது என்று அர்த்தம்.

அளவு விஷயத்தில் டேப்பை நம்பாதீர்கள். நான் என் வாளியையே எடுத்துக்கொண்டு ரயிலில் போனேன், விற்கிறவர் வீட்டு வாசலிலேயே உள்ளே வைத்துப் பார்த்தேன். அளந்ததில் சரியாக இருந்தது, ஆனால் கதவின் உள்பக்கம் பாட்டில் வைக்கிற பிளாஸ்டிக் தட்டு வாளியில் இடித்தது. பின்னால் கம்ப்ரசருக்காகத் தூக்கிய மேடும் இருக்கும், வாளி அதற்கு முன்னால்தான் உட்கார வேண்டும். மூடிக்கு மேலே ஏர்லாக் (உள்ளே உண்டாகிற வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) நிற்க இன்னொரு சாண் உயரம் வேண்டும். இது எல்லாம் சேர்த்து ஒத்துவந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது படுக்க வைத்திருந்தால் உடனே போடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், நிமிர்த்தி வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். அந்த நேரத்தில் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உள்ளே துடைத்து, ரப்பரின் மடிப்புகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். கறுப்புப் பூஞ்சை ஒளிந்திருக்கும் இடம் அந்த மடிப்புகள்தான்.

கன்ட்ரோலர்

ஃப்ரிட்ஜ் தன்னால் 19 டிகிரியில் நிற்காது, அதன் குமிழ் 2 முதல் 8 டிகிரி வரைக்கும்தான் யோசிக்கும். அதனால் வெளியே ஒரு வெப்பநிலை கன்ட்ரோலர் வைத்து, பீர் சூடானால் ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் கொடு, குளிர்ந்தால் நிறுத்து என்று சொல்லிவிடுகிறோம். மொத்த மாற்றமும் இவ்வளவுதான், ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஒயரைக்கூடத் தொடப்போவதில்லை.

நான் பயன்படுத்துவது இங்க்பேர்ட் ஐடிசி-308. சுவரில் செருகினால் போதும், அதில் இரண்டு சாக்கெட் இருக்கும், ஒன்று குளிர்விக்க, ஒன்று சூடாக்க. இதைவிட மலிவாக எஸ்டிசி-1000 என்று ஒன்று வரும், சிம் லிம் டவர் பக்கம் உதிரி பாகம் வாங்குகிறவர்களுக்குப் பழக்கமான வகை, ஆனால் அதற்கு 230 வோல்ட் ஒயரை நீங்களே இணைத்துப் பெட்டி கட்ட வேண்டும். எலெக்ட்ரிகல் வேலை தெரியாதவர்கள் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. வாங்கும்போது இங்குள்ள மூன்று முனை பிளக் வைத்த மாடலா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைப்பு சுலபம். ஃப்ரிட்ஜின் குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கன்ட்ரோலரின் குளிர் சாக்கெட்டில் செருகுங்கள், கன்ட்ரோலரை நேராகச் சுவரில். சூடாக்கும் சாக்கெட் சும்மா இருக்கட்டும். மெல்பர்னிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு சின்ன ஹீட்டிங் பேட் தேவைப்படும், நமக்கு ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருக்கிற சிங்கப்பூரே ஹீட்டர்.

இனி எண்கள். செட் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும். டிஎஸ் என்பது வேண்டிய வெப்பநிலை, 19 வையுங்கள். சிடி என்பது எவ்வளவு மீறினால் குளிர்விக்கத் தொடங்க வேண்டும் என்பது, 0.5 போதும். பிடி என்பது கம்ப்ரசர் நின்று மறுபடி ஓடுவதற்கு முன் காத்திருக்கும் நிமிடங்கள், நான் 5 வைத்திருக்கிறேன். இதை மட்டும் பூஜ்யமாக வைத்துவிடாதீர்கள். நின்ற உடனே மறுபடி ஓடச் சொன்னால், குழாய்க்குள் அழுத்தம் இறங்காத நிலையில் கம்ப்ரசர் முக்கி முக்கி எரிந்துபோகும்.

சென்சாரை எங்கே வைப்பது

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், பெட்டி சரியாக வேலை செய்வதும் செய்யாததும் இதில்தான் இருக்கிறது.

கன்ட்ரோலரின் ஒயர் நுனியில் இருக்கிற சென்சார் ஃப்ரிட்ஜின் காற்றை அளக்கக் கூடாது, பீரை அளக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறந்த நொடியில் எண் எகிறும், மூடிய கொஞ்ச நேரத்தில் இறங்கும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி நிற்கும், பீர் என்ன சூட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சென்சாரின் உலோக முனையை வாளியின் வெளிப்பக்கம், பீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, பாதி உயரத்தில் ஒட்டுங்கள். அதன் மேல் நாலாக மடித்த பபிள் ராப்போ ஒரு துண்டு ஸ்பாஞ்சோ வைத்து அழுத்தி, ஓரமெல்லாம் டேப் போட்டு மூடுங்கள். இப்போது முனைக்கு ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் காற்று படாத மெத்தை. அது காட்டும் எண் உள்ளே இருக்கும் திரவத்துக்குக் கிட்டத்தட்ட சமம்.

டேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் ஈரம் கோத்துக்கொண்டு மலிவான டேப் உரிந்துவிடும். எனக்கு அது நடந்தது. மூன்றாவது பேட்ச்சில் சென்சார் உரிந்து, கதவு இடுக்கு வழியாக ஒயரோடு வெளியே சரிந்து தரையில் கிடந்தது. அது 30 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்க, ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது. காலையில் வாளியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது, ஏர்லாக்கில் ஒரு குமிழி இல்லை, ஈஸ்ட் மொத்தமும் அடியில் படுத்துவிட்டது. திரும்பச் சூடேற்றி, வாளியை மெல்ல ஆட்டி, அது எழுந்திருக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் டேப்புக்கு மேல் வாளியைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் பட்டையும் மாட்டுகிறேன்.

ஒயரை உள்ளே கொண்டுபோகத் துளை போட வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். சின்ன ஃப்ரிட்ஜ்களில் சூடான குழாய்கள் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடும், வெளியிலிருந்து தெரியாது, டிரில் பட்டால் வாயு வெளியேறிவிடும். சென்சார் ஒயர் மெல்லியது, கதவின் கீல் பக்கம் ரப்பருக்கு இடையே விட்டுச் சாத்தினால் ரப்பர் அதை அணைத்துக்கொள்ளும்.

முதலில் தண்ணீர்

20 லிட்டர் வொர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முன் காய்ச்சி வைத்த இனிப்புத் திரவம்) வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். ஒரு கிளாஸில் ஐஸைப் பொடித்து நிரப்பி, இடைவெளி நிறையுமளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை முக்குங்கள். 0 காட்ட வேண்டும். 0.7 காட்டினால் சிஏ என்ற இடத்தில் மைனஸ் 0.7 கொடுத்துச் சரிசெய்யலாம். அடுத்து வாளியில் 20 லிட்டர் குழாய்த் தண்ணீர் நிரப்பி, சென்சாரை ஒட்டி, 19 வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். மறுநாள் வாளிக்குள் வேறொரு தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் பெட்டி தயார். இந்த ஒரு நாளில் வாளியின் எடையை ஃப்ரிட்ஜின் அடிப்பகுதி தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். கண்ணாடித் தட்டின் மேல் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள், 20 கிலோவுக்கு மேல் கனக்கும்.

நிஜ பேட்ச்

நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பானது, அதை ஓடவிட்டுக் குளிர்வித்தால் வொர்ட் 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்டைப் போடாதீர்கள். சுத்தம் செய்த வாளியில் ஊற்றி, இறுக்கி மூடி, சென்சாரை ஒட்டி, 18 வைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எண் 18-ஐத் தொட்டிருந்தால் அப்போது ஈஸ்ட். தொடவில்லை என்றால் இன்னும் சில மணி நேரம் பொறுங்கள், வாளி சுத்தமாக இருக்கிற வரைக்கும் பயமில்லை.

முதல் மூன்று நாள்தான் சுவை உருவாகும் நாட்கள், ஈஸ்ட் அதிகச் சூடு கக்குவதும் அப்போதுதான். 18, 19-இலேயே வைத்திருங்கள், எண்ணை மாற்றி மாற்றி விளையாட வேண்டாம். ஐந்தாம் நாள் வாக்கில் குமிழிகள் குறையத் தொடங்கும்போது 21-க்கு ஏற்றுங்கள். ஈஸ்ட் மிச்ச வேலையை முடித்து, பாப்கார்ன் வெண்ணெய் போன்ற வாசம் இருந்தால் அதையும் தின்றுவிடும். இதற்கு ஹீட்டர் தேவையே இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடாமல் இருந்தாலே அறையின் சூடு மெல்ல மெல்ல உள்ளே ஏறிவிடும்.

கதவைத் திறக்கும்போது முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கும், மூக்கில் சுரீரென்று ஏறும், ஒரு நிமிடம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

இரண்டு வாரம் வாக்கில் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கிற கருவி) அடுத்தடுத்த மூன்று நாளும் ஒரே எண் காட்டினால் புளித்து முடிந்தது. அப்போது 3 டிகிரிக்கு இறக்கி இரண்டு நாள் விட்டால் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும். இறக்குவதற்கு முன் ஏர்லாக்கைக் கவனியுங்கள். குளிரும்போது வாளிக்குள் காற்று சுருங்கி, ஏர்லாக்கில் உள்ளதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதில் இருக்கிற தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுக் கொஞ்சம் வோட்கா ஊற்றி வையுங்கள், உள்ளே போனாலும் கெடுதல் இல்லை.

ஈரம்தான் கடைசித் தொல்லை. சாதாரண ஃப்ரிட்ஜ் மாதிரி இது எப்போதும் குளிராக இருப்பதில்லை, 19 டிகிரியும் நம் காற்றின் ஈரமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்கு வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை மூலையில் வையுங்கள், அதில் தண்ணீர் சேர்ந்ததும் மாற்றிவிடுங்கள். பாட்டிலில் அடைத்து முடித்ததும் உள்ளே துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு பழைய துண்டை மடித்துக் கதவு இடுக்கில் வைத்து, அடுத்த பேட்ச் வரை லேசாகத் திறந்தே விடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் திறந்து வைக்காதீர்கள், உலர்த்தி மூடி வெளியே ஒரு பூட்டுப் பட்டை மாட்டுங்கள்.