பீடத்துக் கணினிக்கூடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு ப்ரொஜெக்ட் ஒப்படைக்கும் கிழமையில் பொறியியல் பீடத்துக் கணினிக்கூடங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, “லைசன்ஸ் இல்லையாம்” என்பதுதான். பெரும்பாலும் லைசன்ஸ் இருக்கும், யாரோ பிடித்து வைத்திருப்பார். மட்லெப், ஆன்சிஸ் போன்ற கணிப்பு, சிமுலேஷன் மென்பொருட்களை, பாவிக்கும் அனுமதியைப் பங்கிட்டுத் தரும் பொது லைசன்ஸ் சேர்வர் வழியாகத் தரும் இடங்களில், ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு உண்டு. மென்பொருளைத் திறந்ததும் ஒரு இடம் உங்கள் பெயரில் போய்விடும். திரையைப் பூட்டிவிட்டு கென்டீனுக்குப் போய் அரட்டையில் இருந்தாலும் அந்த இடம் உங்களிடமே கிடக்கும். எழும்புமுன் சேவ் பண்ணி, முறையாக மூடிவிடுங்கள். பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் இன்னும் மோசம்: நீங்கள் போனது சேர்வருக்கு உடனே தெரியாது, இடம் சும்மா முடங்கிக் கிடக்கும்.

உதவி கேட்கும்போது “சேர், மட்லெப் வேலை செய்யுதில்லை” என்று மட்டும் அனுப்புவதும் வீண். திரையில் வந்ததைப் படம் எடுத்து, எந்தக் கணினி, எத்தனை மணி என்றும் சேர்த்து அனுப்புங்கள். மட்லெப்பில் பிழை எண் -4 என்றால் இடம் நிரம்பிவிட்டது, காத்திருக்கத்தான் வேண்டும். -15 என்றால் லைசன்ஸ் சேர்வரையே எட்ட முடியவில்லை. விடுதியிலிருந்து வேலை செய்பவர் முதலில் விபிஎன் (வெளியிலிருந்து கெம்பஸ் நெட்வேர்க்குக்குள் நுழையும் இணைப்பு) போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

அப்புறம், தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக கெம்பஸ் கணினிக்குள் நுழைந்து, இரவு முழுக்க ஓட வேண்டிய சிமுலேஷனைத் தொடங்கிவிட்டு லெப்டொப்பை மூடிப் பையில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் பொதுவாக வேலையும் நின்றுவிடும். இணைப்புப் போனாலும் வேலையைத் தொடரவிடும் டீமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடவிட்டால் கவலையில்லை, காலையில் மறுபடி இணைந்து பார்க்கலாம்.

மலையகத்தில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு மழை வரும். கரண்ட் வயரை மட்டும் கழற்றினால் போதாது. நெட்வேர்க் கேபிள், டெலிபோன் வயர் வழியாகவும் மின்னல் வந்து ரவுட்டரைச் சாப்பிட்டுவிடும். வானம் இருட்டும்போதே எல்லாவற்றையும் கழற்றுங்கள், இடி முழங்கத் தொடங்கியபின் வயரில் கை வைக்க வேண்டாம். கரண்ட் போனாலும் பட்டரியில் சற்று நேரம் மின்சாரம் தரும் யூபிஎஸ் இருப்பது சேவ் பண்ணி அணைக்க அவகாசம் தரத்தான், பார்த்துக்கொண்டிருக்கும் சினிமாவை முடிக்க அல்ல. லேசர் பிரின்டரை அதில் செருகவே கூடாது. சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

வைபை விஷயம் சின்னது. பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைபையான எடுரோமில் பயனர்பெயரை மட்டும் போட்டுவிட்டு, சொந்த கெம்பஸில் வேலை செய்கிறதே என்று இருந்துவிடுவார்கள். பேராதனை மாணவர் ஒருவர் மொறட்டுவைக்குப் போனால், அங்குள்ள சேர்வருக்கு அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிய வேண்டும். அட் குறிக்குப் பின்னால் வரும் முகவரியையும் சேர்த்து, ஊரிலிருந்து கிளம்புமுன்னரே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.