கண்ணைக் கட்டிக்கொண்டு களிமண்ணில் முகம் செய்வது எப்படி?

ஒரு கையால் உங்கள் முகத்தைத் தடவிப் பார்த்து, மற்றொரு கையால் அதை மண்ணில் செய்ய வேண்டும். வேலை இவ்வளவுதான். படமே வரைய வராது என்பவர்களுக்கும் இது வரும். பார்த்து வரைந்து பழகியவர்கள்தான் முதலில் திணறுவார்கள். சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 50 வயதுக்கு மேல் பார்வையை முழுக்க இழந்தவர். அப்புறமும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். 1972-இல் ஓடுகள் பதித்துச் சுவர்ச்சித்திரமே செய்தார். நாம் ஒரு தலை செய்ய முடியாதா என்ன?

மண் 2 கிலோ போதும். மதுரைக்காரர்கள் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரிக்குப் போங்கள், கொலு பொம்மை செய்கிற ஊர். கல், சில்லு பொறுக்கிப் பிசைந்து வைத்த மண்ணாகவே கேளுங்கள். கண்ணைக் கட்டிய பிறகு ஒரு கண்ணாடிச் சில் போதும், விரல் கிழிந்துவிடும். ஆடி முதல் புரட்டாசி வரை போகாதீர்கள். பிள்ளையாரும் கொலுவும் முடிகிறவரை அங்கே யாருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்காது. தை, மாசி தோது.

ஆன்லைனில் விற்கிற பிளாஸ்டிக் கருவிப் பெட்டி வேண்டவே வேண்டாம். குச்சி நடுவில் வந்தால் விரலுக்கு மண் தெரியாது. ஒரு ஈர்க்குச்சி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஈரத்துணி, போதும். கண்ணைக் கட்டப் பருத்தித் துண்டு. தூங்கும்போது போடுகிற மாஸ்க்கில் மூக்கோரம் வெளிச்சம் வரும், கண் திருட்டுத்தனம் பண்ணும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முதலில் செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி ஒரு உருண்டை. அதன் மேல் சுண்டுவிரல் கனத்துக்கு மண்ணைப் போர்த்தி முட்டை வடிவமாக்குங்கள். அடியில் ஒரு ஓட்டை விடுங்கள். இதுவரை கண் திறந்தே செய்யலாம்.

இனி கண்ணைக் கட்டுங்கள். இங்கேதான் எல்லோரும் தொலைந்து போகிறார்கள். மூக்கு வைக்க மண் கிள்ளுவதற்குக் கையை எடுப்போம். திரும்பி வந்தால் எது முன்பக்கம், எது பிடரி என்றே தெரியாது. நெற்றி என்று நினைத்துத் தாடையில் கண் குழி போட்டுவிடுவோம். அதற்கு ஒரு வழி: கட்டுவதற்கு முன்பே பிடரியில் ஒரு புளியங்கொட்டையை அழுத்தி வையுங்கள். குழம்பினால் கொட்டையைத் தேடுங்கள், அதற்கு நேர் எதிரில் முகம். இன்னொன்று, இடது கை மண்ணை விட்டு நகரவே கூடாது. முகத்தைத் தடவுவது, மண் கிள்ளுவது, தண்ணீர் தொடுவது எல்லாம் வலது கை. தண்ணீர் வலப்பக்கம், மண் அதற்குப் பக்கத்தில். கடைசிவரை இடம் மாற்றாதீர்கள். பிள்ளைகள் யாராவது கிண்ணத்தை நகர்த்திவிட்டால் அன்றைய வேலை போச்சு.

பெரிய வடிவத்துக்கு உள்ளங்கை, நுணுக்கத்துக்கு விரல் நுனி. உள்ளங்கையில் இரண்டு புள்ளிகள் சுமார் 10 மி.மீ. தள்ளியிருந்தால்தான் இரண்டாகத் தெரியும். விரல் நுனிக்கு 2, 3 மி.மீ. இடைவெளியே போதும். ஆகவே நெற்றியையும் கன்னத்தையும் உள்ளங்கையால் உருட்டிவிட்டு, உதட்டோரத்துக்கு மட்டும் விரலை அனுப்புங்கள்.

மூக்கு, காது, உதடு ஒட்டும் முன் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்சேறு தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் மூக்கு தனியே விழும்.

கட்டை அவிழ்த்ததும் உதடு பெரிதாக, நெற்றி சின்னதாக இருக்கும். தொடுவுணர்வு உதட்டில் அதிகம், அதனால் மண்ணிலும் அது பெரிதாகிறது. தயவுசெய்து திருத்தாதீர்கள். திருத்தினால் அது கண் செய்த முகமாகிவிடும். அதற்கு விளாச்சேரிக்காரர்கள் நம்மைவிட ஆயிரம் மடங்கு நன்றாகச் செய்வார்கள். வண்ணமும் அடிக்காதீர்கள்.

நிழலில், ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காயட்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். காய்ந்ததா என்று பார்க்க மண்ணை உங்கள் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூளைக்குப் போனால் நீராவி உடைத்துவிடும், பக்கத்தில் இருக்கிற சூளைக்காரர்கள் பொம்மையையும் சேர்த்து. அதனால் சூளையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கூலியும் கொடுங்கள்.

பிறகு சேர்த்தது: படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலர், மண் கையோடு வந்துவிடுகிறது என்றார்கள். தண்ணீர் கூடிவிட்டது. சிமென்ட் தரையில் கொஞ்ச நேரம் பரப்பி வையுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கம்தான் பதம். மைதா மாவில் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் எறும்பு வரும், பூஞ்சையும் பிடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடவே கூடாது. கெட்டியாகும்போது சூடாகும், நிதானமாகத் தடவிப் பார்க்கிற நேரத்தையும் தராது.