கொழும்பு வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல்: அடித்தளம் முதல் கடைசி ஆணி வரை

வெள்ளவத்தைக்கும் கல்கிசைக்கும் இடையில் உள்ள வீடுகளில் செயற்கைப் புல் விரிப்பது என்னுடைய தொழில். யாராவது புல்லின் நிறத்தையும் விலையையும் கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வளவில் விழும் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? கொழும்பில் இந்தப் புல் வெயிலால் கெடுவதை விட, அடியில் தண்ணீர் தேங்கிக் கெடுவதுதான் அதிகம். மேலே பச்சைப் பசேலென்று இருக்கும், காலை வைத்தால் சளக்கென்று கேட்கும். சில வாரத்தில் மணக்கத் தொடங்கும். ஓரத்தில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். முற்றத்தில் நல்ல வெயில் படுகிறது, தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்கிறது என்றால் மலேசியன் புல்லை நட்டுவிடுங்கள். மண் மூச்சு விடும், இடமும் குளிர்ச்சியாக இருக்கும். நான் சொல்லும் வேலை, இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம் எழும்பி, வெயில் எட்டிப் பார்க்காத முற்றங்களுக்கு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் அரங்கிலும் இதுதான் நடந்தது. கண் கூசுகிறது என்று வெளிச்சம் வரும் கூரைத் தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள், வெளிச்சம் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்தது. 1966இல் அங்கே செயற்கைப் புல் வந்தது. நம் ஒழுங்கைகளில் மதிலும் மாடியும் அதே வேலையைச் செய்கின்றன. "தம்பி, பேரப்பிள்ளை தவழ ஒரு இடம் வேணும், இந்தச் சேற்றில எப்படி விடுறது?" என்று வெள்ளவத்தையில் ஒரு அன்ரி கேட்டார். அந்த மாதிரி இடத்துக்கு இது நியாயமான தீர்வு.

இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தோண்டிய குழி குளமாகும், பசையும் ஒழுங்காகப் பிடிக்காது.

வாங்கும்போது புல்லின் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வடிகால் துளைகள் தெரிய வேண்டும். கடையிலேயே ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். இழையின் உயரம் 25 முதல் 30 மில்லிமீட்டர் போதும். 40 மில்லிமீட்டர் பார்க்க அழகுதான், ஆனால் மாவிலையும் சேறும் உள்ளே சிக்கிக்கொள்ளும், மழைக்குப் பிறகு காயவும் நேரம் எடுக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்ற உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். ஆணி, பசை, கத்தி எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் வாங்கலாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. 12 அடி அகலம், 20 அடி நீளமுள்ள முற்றம் என்று வைப்போம். அது ஒரு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ரோல்கள் பெரும்பாலும் 2 மீட்டர் அல்லது 4 மீட்டர் அகலத்தில் வரும். 2 மீட்டர் ரோல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 13 அடி வரும், ஒரு அடி வெட்டுப்படும், நடுவில் ஒரே ஒரு ஒட்டு. நீளத்தில் அரை அடி கூட்டி வாங்குங்கள்.

சரி, இனி மண் வேலை. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பழைய புல், வேர், கோரைக் கிழங்கு எல்லாவற்றையும் எடுத்து, நான்கு அங்குலம் தோண்டுங்கள். கடலோர மரைன் டிரைவ் பக்கம் மண் மணல் பாங்கு, தண்ணீர் தானாக இறங்கும். நுகேகொடை, மகரகமை போல உள்ளே போனால் செம்மண்ணும் கபுக் என்ற இறுகிய செங்கல் மண்ணும், அங்கே தண்ணீர் இறங்கத் தயங்கும், அதனால் சரிவு இன்னும் முக்கியம். சரிவு நூறுக்கு ஒன்றாவது வேண்டும். 12 அடிக்குக் கணக்குப் பார்த்தால் கான் இருக்கும் பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்வு. கண் மட்டத்தை நம்ப வேண்டாம், மேசன் பாஸ் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயை வைத்து நூல் கட்டுங்கள். சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போக வேண்டும், பக்கத்து வீட்டு மதிலடிக்கும் போகக் கூடாது.

தோண்டிய மண்ணின் மேல் தண்ணீரை உள்ளே விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை, ஒன்றின் மேல் ஒன்று ஒரு அடி ஏறும்படி விரியுங்கள். காசு மிச்சம் பிடிக்கப் பொலித்தீனோ படங்கோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள், அது தண்ணீரை மறிக்கும். அதன் மேல் தூளோடு கலந்த முக்கால் அங்குலச் சல்லி மூன்று அங்குல உயரத்துக்கு, அதற்கு மேல் கல்தூள் ஒரு அங்குலம். நம் முற்றத்துக்குச் சல்லி 60 கன அடி, கல்தூள் 20 கன அடி. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. இறுக்கும்போது அமிழும் என்பதால் சல்லி முக்கால் கியூப்பும் கல்தூள் கால் கியூப்பும் சொல்லுங்கள். இலேசாக நனைத்து, இறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்குங்கள். குதிக்காலால் அழுத்தினால் தடம் பதியக் கூடாது. பிறகு இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி நின்று பாருங்கள். எங்காவது தேங்கினால் இப்போதே திருத்துங்கள், புல் போட்ட பிறகு அது இரட்டை வேலை.

மரம் இருந்தால் அடியைச் சுற்றி இரண்டு அடி வட்டத்தை மண்ணாகவே விடுங்கள். மாமரமோ செவ்வரத்தையோ, வேருக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மேன்ஹோல் மூடியையும் மூடி மறைக்காதீர்கள்.

ரோலை விரித்துச் சில மணி நேரம் அப்படியே கிடக்க விடுங்கள், சுருக்கம் தானாக இளகும். இரண்டு துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வாசலில் நின்று பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்தால் அடர்த்தியாகத் தெரியும். ஒட்டு வரும் ஓரங்களில் இரண்டு மூன்று தையல் வரிசையைப் பின்பக்கத்தில் இருந்து வெட்டி எடுங்கள். கத்தியின் அலகை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு ஓரத்துக்கும் இடையில் ஒரு தையல் இடைவெளி அளவே விட வேண்டும். கூடினால் கோடு தெரியும், குறைந்தால் மேடு எழும்பும். அடியில் ஒட்டு நாடாவை வைத்து, காய்ந்த நாளில் பொலியூரித்தேன் பசையைப் பூசி, இழைகள் உள்ளே மடியாமல் பார்த்து அழுத்துங்கள். மேலே கல் வைத்து ஒரு இரவு விடுங்கள்.

ஓரங்களில் அரை அடிக்கு ஒரு ஆணி. கடற்காற்று வீசும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணி துருவேறும், கல்வனைஸ் செய்ததை வாங்குங்கள். வெட்டி உதிர்ந்த பிளாஸ்ரிக் இழைகளைக் கூட்டி அள்ளுங்கள், கானுக்குள் தள்ளினால் அது கடலுக்குத்தான் போகும்.

கடைசியாக மணல். கழுவிக் காய்ந்த சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிலோ. நம் நாட்டில் நாத்தாண்டியா பக்கத்து மணல் இதற்குப் பெயர் போனது. கடல் மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சாய்வுக்கு எதிராகத் தும்புத்தடியால் தேய்த்தால் இழை எழும்பி நிற்கும்.

கொங்கிறீட் முற்றம் அல்லது மொட்டை மாடி என்றால் தோண்டும் வேலை இல்லை. சரிவும் தண்ணீர் போகும் துளையும் சரிதானா என்று பார்த்து, துளையுள்ள நுரை விரிப்பை அடியில் போடுங்கள். ஓரங்களை மட்டும் ஒட்டுங்கள்.

வெயில் படும் பகுதி உச்சி நேரத்தில் கால் வைக்க முடியாத அளவு சுடும். பிள்ளைகளை அந்த நேரம் செருப்பில்லாமல் விட வேண்டாம். நாய் இருந்தால் அது ஒன்றுக்குப் போகும் இடத்தைத் தினமும் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். நிழல் மூலையில் பாசி பிடிக்கும், காய்ந்த நாளில் தேய்த்தால் போய்விடும். பெருமழைக்குப் பிறகு ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். எங்காவது தண்ணீர் நின்றால் அந்த ஓரத்து ஆணியைக் கழற்றி, புல்லை மடக்கி, கல்தூள் போட்டு இறுக்கி மறுபடி அடிக்கலாம்.

அப்புறம், வெட்டி மிஞ்சிய பெரிய துண்டுகளைச் சுருட்டி உள்ளே வையுங்கள். பட்டாசுப் பொறியோ சாம்பிராணித் தணலோ விழுந்து ஓட்டை விழுந்தால், அதே ரோலின் துண்டுதான் பொருந்தும்.