ஃபோர் வீல் டிரைவ்: எதை வாங்குவது, எப்போது போடுவது, எப்படி எடுப்பது

மலைக்குப் போகிறோம் என்றாலே ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் பாதை தார்ச்சாலை. சின்ன கார்களே தாராளமாக ஏறுகின்றன. அதே வளைவுகளில் காய்ந்த ரோட்டில் மாருதி ஜிம்னியை 4எச்-ல் (நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நிலை) போட்டு ஓட்டினால் கெடுதல் வண்டிக்குத்தான். காரணம் ஐந்தாவது படியில். வண்டி வாங்கும்போதும் ஓட்டும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டயருக்கு அடியில் என்ன இருக்கிறது?

படி 1: எது உங்களுக்கு?

போவது தார்ச்சாலையில், எப்போதாவது ஊரில் நல்ல மண்பாதை என்றால் டூ வீல் டிரைவ் போதும். செங்குத்தான ஈர மேட்டில் எடை பின்னால் சாயும். அதனால் முன்சக்கரம் இழுக்கும் கார் அங்கே வழுக்கும், பின்சக்கரம் தள்ளும் வண்டி கொஞ்சம் தேவலை. மஹிந்திராவின் தார் டூ வீல் டிரைவிலும் வருகிறது. வெறும் தோற்றத்துக்காக வாங்குவதானால் அதுவே சரி.

மழைக்காலத்தில் எஸ்டேட் ரோடு, வழுக்கும் புல்மேடு, சேறு படிந்த சிமென்ட் பாதை இவையெல்லாம் அடிக்கடி என்றால் ஆல் வீல் டிரைவ். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாராவில் கிடைப்பது இந்த வகை. முன்சக்கரம் வழுக்கினால் கிளட்ச் போன்ற ஒரு இணைப்பு பின்சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும். எந்த ரோட்டிலும் யோசிக்காமல் ஓட்டலாம். ஆனால் இதில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) கிடையாது. ஆழமான மணலில் தொடர்ந்து திணறவிட்டால் அந்த இணைப்பு சூடாகி, ஆறும்வரை பின்சக்கரத்தைக் கைவிட்டுவிடும்.

பெரிய கல்லும் ஓடையும் பள்ளமும் உள்ள பாதை, அல்லது சேற்றில் சுமை இழுக்கும் வேலை என்றால் மட்டும் லீவரோ திருகு குமிழோ வைத்த முழு ஃபோர் வீல் டிரைவ். ஜிம்னி, தார் 4×4, ஃபார்ச்சூனர் 4×4 எல்லாம் இந்தப் பக்கம். கூடுதல் எடை, குறையும் மைலேஜ் இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வகைக்கானவை.

படி 2: முதலில் டயர்

என்னைக் கேட்டால், கூரையில் லைட் பார் மாட்டும் பணத்தில் நல்ல ஏ.டி (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் வாங்குங்கள். வழவழத்த டயரோடு நான்கு சக்கரமும் சுற்றினால் நான்கும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான்.

காற்றழுத்தம் இன்னும் முக்கியம். மணலில் 18 பி.எஸ்.ஐ வரை இறக்குகிறேன். டயர் பரந்து உட்கார்ந்து மணலின் மேலேயே போகும். தார்ச்சாலை வந்ததும் வேகமெடுக்கும் முன் திரும்ப நிரப்பியாக வேண்டும். அதற்கு பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் கம்ப்ரஸரே நல்லது. பெரிய கம்ப்ரஸரை லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும்.

படி 3: 4எச்

சேறு, மணல், தளர்ந்த ஜல்லி, ஈரப் புல். இங்கெல்லாம் நுழைவதற்கு முன்பே போடுங்கள், புதைந்த பிறகு அல்ல. ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், லீவரைத் தயங்காமல் ஒரே இழுப்பில் இழுங்கள். புது வண்டிகளில் பெரும்பாலும் ஓடும்போதே போடலாம். வேக வரம்பு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

படி 4: 4எல்

முதல் படியில் சொன்ன லோ ரேஞ்ச் இதுதான். இதற்கு வண்டியை நிறுத்த வேண்டும். மேனுவல் என்றால் கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல், கால் பிரேக்கில். ஜிம்னியில் 4எல் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு, வேகம் பாதி. செங்குத்தான மண் இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, கிளட்ச்சைத் தொடாமல் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினால் சக்கரம் பூட்டி வழுக்கும். பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிறுத்துவதில் 4×4-க்குத் தனிச் சலுகை கிடையாது.

இன்னொன்று. குறுக்குப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் அந்தரத்தில் சுற்றும்போது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். ஜிம்னியில் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளும் ஏற்பாடு உண்டு. அது வேலை செய்ய ஒரு கணம் வேண்டும். காலை நிதானமாக அதே இடத்தில் வையுங்கள். கீழே கரகரவென்று சத்தம் கேட்கும், வண்டி மெல்ல முன்னால் ஏறும்.

படி 5: திரும்ப 2எச்-க்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை)

இந்தப் படியில்தான் நானும் அதிக நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். லீவர் வராது! பலமாக இழுத்தாலும் அசையாது.

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன, அதனால் அதிகத் தூரம் உருள்கின்றன. 4எச்-ல் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் (சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டுகள்) ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். சேற்றில் இந்த வித்தியாசம் டயர் சற்று வழுக்குவதில் கரைந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. அந்த வித்தியாசம் முறுக்காக ஷாஃப்டிலும் கியரிலும் ஏறுகிறது. ஸ்டியரிங் கனக்கும், யாரோ பிரேக்கைப் பிடித்தது போல வண்டி இழுபடும், இறுக்கமான வளைவில் டயர் டக் டக்கென்று துள்ளும். முறுக்கு ஏறிய பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் லீவரும் நகராது.

பலம் காட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, ரிவர்ஸில் சில மீட்டர் மெதுவாகப் போங்கள். ஏறிய முறுக்கு அவிழும். போகிற போக்கில் லீவரைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல நழுவி வரும். அப்போதும் வராவிட்டால் ஒரு பக்கச் சக்கரங்களை ரோட்டோர மண்ணில் இறக்கி மறுபடி முயலுங்கள்.

பின்னர் சேர்த்தது: லீவர் 2எச்-க்கு வந்த பிறகும் டேஷ்போர்டில் 4 வீல் விளக்கு மினுக்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். லீவர் நகர்ந்துவிட்டது, உள்ளே இணைப்பு இன்னும் விடவில்லை என்று பொருள். இதற்கும் அதே ரிவர்ஸ் வைத்தியம்தான்.

இன்னொருவருக்கு நேர்ரோட்டிலேயே இந்த முறுக்கு வந்திருக்கிறது. கேட்டால், முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்த டயர். சுற்றளவு மாறினால் நேராகப் போனாலும் வேகம் ஒத்துப்போகாது. நான்கு டயரும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஆல் வீல் டிரைவ் காருக்கும் இதே விதி. ஸ்டெப்னி வேறு அளவானால், அது மாட்டியிருக்கும்வரை 4எச் பக்கமே போக வேண்டாம்.

படி 6: பராமரிப்பு

மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் 4எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். உள்ளே எண்ணெய் பரவும், இணைப்புகள் இறுகாது. ஆழமான தண்ணீரில் இறக்கிய வண்டி என்றால் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) எண்ணெயை மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்துப் பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் அன்றே மாற்றிவிடுங்கள்.