நம்பும்படியான கதாபாத்திரத்தை எழுதுவது எப்படி? ஒரு தையல்காரரை வைத்து ஒரு செய்முறை

கதை எழுதத் தொடங்கும்போது பலரும் முதலில் ஒரு பட்டியல் போடுவோம். வயது, உயரம், படிப்பு, பிடித்த நிறம். என் முதல் கதைக்கு அப்படி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த ஆள் கதைக்குள் வந்து நின்றதும் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பல கதைகளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் ஒன்று பிடிபட்டது: ஒருவர் எதை மறைக்கப் பாடுபடுகிறார் என்று தெரிந்துவிட்டால், அவர் எப்படிப் பேசுவார், எங்கே தடுமாறுவார் என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரே பாத்திரத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். சிவராமன், 61 வயது, தையல்காரர்.

படி 1: ஆசையை ஒரு வரியில் எழுதுங்கள்

"நிம்மதியாக வாழ வேண்டும்" என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. "இன்னும் இரண்டு வருடமாவது கடையை நடத்திவிட வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். உடனே "ஏன் இரண்டு வருடம், யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சரி, இது போதும்.

படி 2: எதை மறைக்கிறார்?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். சிவராமனுக்குப் பார்வை மங்கி வருகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இதை எப்படி மறைப்பார்? காஜா எடுக்கும் பையன் கதிரிடம் ஊசியை நீட்டி, "நீயே கோருடா, கை பழகட்டும்" என்கிறார்.

வாசகர் முதலில் இவரை நல்ல ஆசான் என்று நினைப்பார். மூன்றாவது முறையும் ஊசியை நீட்டும்போது சந்தேகம் வரும். அது வாசகர் தானாகக் கண்டுபிடித்தது, அதனால் கதையை விடமாட்டார். "தன் கண் மங்குவதை சிவராமன் யாரிடமும் சொல்லவில்லை" என்று நீங்களே எழுதிவிட்டால் அந்தச் சந்தோஷம் போச்சு.

உங்கள் பாத்திரத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைப் பற்றிக் கேட்டால் இவர் பேச்சை மாற்றுவார்? தனியாக இருக்கும்போது மட்டும் எதைச் செய்வார்? யாருக்கு மட்டும் இது தெரியவே கூடாது? மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உதவியது, ஏனென்றால் அதுவே அடுத்த பாத்திரத்தையும் கொண்டுவருகிறது. சிவராமனுக்கு அது அவருடைய மகள். தெரிந்தால் கடையை மூடச் சொல்வாள்.

படி 3: உணர்ச்சியின் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது இகழப்படுவது, இழவு என்பது இழப்பு. அசைவு என்பதற்குப் பழைய நிலை கெட்டு வருந்துவது என்று, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை சொல்கிறது. கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

"சோகமாக இருந்தார்" என்று எழுத வரும்போது, இந்த நான்கில் எது என்று நிறுத்திக் கேளுங்கள். இளிவு என்றால் சிவராமன் சண்டைக்குப் போகலாம். அவருடையது அசைவு. அதனால் இருபது வருடத்துக்கு முன் தான் தைத்த கோட்டை எடுத்து, அதன் தையலை விரலால் தடவிக்கொண்டே போகிறார். எந்த உணர்ச்சியின் பெயரும் இங்கே தேவைப்படவில்லை.

படி 4: நேரான பதிலைத் தவிருங்கள்

"கண் டாக்டர்கிட்ட போனீங்களாப்பா?"

"அந்த நீலச் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கல."

இவ்வளவுதான். எழுதிய பிறகு பெயர்களை மறைத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் திருத்துங்கள்.

படி 5: இரண்டில் ஒன்றை இழக்கவேண்டிய இடத்தில் நிறுத்துங்கள்

வாடிக்கையாளர் ஒருவர் சட்டையோடு வருகிறார். ஒரு கை குட்டையாக இருக்கிறது. "இந்தப் பையனை வெச்சுத் தைக்காதீங்க" என்கிறார். கதிர் நிமிர்ந்து சிவராமனைப் பார்க்கிறான். வெட்டியது சிவராமன்தான்.

உண்மையைச் சொன்னால் செய்தி மகள்வரை போகும். சொல்லாவிட்டால் கதிருக்குக் கெட்ட பெயர். இரண்டு பக்கமும் அவருக்கு வேண்டியதாக இருந்தால்தான் இது கனக்கும். கதிர்மேல் அவருக்குள்ள பாசத்தை முன்பே காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லையென்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

அப்புறம், இரண்டு முடிவையும் தலைக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிடித்துப்போன பாத்திரம் நல்லவராகவே இருக்கட்டும் என்று நமக்கு ஆசை வரும். நான் எழுதியபோது உண்மையைச் சொன்ன சிவராமன் ஒரு பேச்சாளரைப் போல ஆகிவிட்டார். மற்ற பக்கத்தில் அவர் வாயே திறக்கவில்லை. மாலையில் வழக்கம்போலக் கை ஊசியை நீட்டினார். கதிர் ஒன்றும் பேசாமல் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தான். அடிக்கடி கோர்க்க வேண்டாமென்று நூலை இரண்டு மடங்கு நீளமாக விட்டிருந்தான்.