புதிய ஆன்மிகக் கூட்டம் உங்களை வளைக்கிறதா? கண்டுபிடிக்கும் வழி

முதலில் கவனிக்க வேண்டியது அன்பு. போன அன்றே பத்துப் பேர் பெயர் சொல்லி அழைப்பார்கள், உங்கள் கவலையை மறக்காமல் விசாரிப்பார்கள். இதமாகத்தான் இருக்கும். ஒருமுறை காரணம் சொல்லாமல் "இந்த வாரம் வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "சரி" என்று விட்டால் நல்லது. மூன்று பேர் மாறி மாறி அழைத்தாலோ, அவர்கள் பேச்சில் திடீரென அன்பு குறைந்தாலோ உஷாராகுங்கள்.

அடுத்தது சின்னச் சின்னச் சம்மதங்கள். இதுதான் மிக ஆழமாக வேலை செய்யும். 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வாசலில் பெரிய, அசிங்கமான சாலைப் பாதுகாப்புப் பலகை வைக்க சுமார் 17 சதவீதம் பேரே சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பு அதே விஷயத்துக்குச் சிறு அட்டை வைக்க ஒப்புக்கொண்டவர்களிடம் கேட்டபோது அது 76 சதவீதம். ஒரு மணி நேர வகுப்பு வார இறுதி முகாமாகி, பிறகு சம்பளத்தில் ஒரு பங்கைக் கேட்பதுவரை போவதும் இப்படித்தான். ஒவ்வொரு படியிலும் "இதை முதல் நாளே கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா?" என்று யோசியுங்கள்.

முகாமில் தூக்கம் குறையும், தனியாக இருக்க நேரமே கிடைக்காது. சோர்ந்த மூளை சந்தேகப்படாது. அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் இரண்டு இரவு தூங்கிய பிறகு முடிவெடுங்கள். அந்தரங்க ரகசியங்களையும் அங்கே சொல்லாதீர்கள், விலக நினைக்கும் நாளில் அவையே மிரட்டலாகும்.

வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால் குருவைத் திட்டாதீர்கள். "குடும்பம் எதிர்க்கும்" என்று முன்பே சொல்லிவைத்திருப்பார்கள். உங்கள் கோபம் அதை உண்மையாக்கிவிடும். வாரம் ஒருமுறையாவது சாதாரண விஷயம் பேசுங்கள், திரும்பி வரக் கதவு திறந்திருக்கட்டும்.