கார்பன் நானோகுழாயில் ஸ்பின் அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பன் அணுக்களாலான நுண்குழாயில் எலக்ட்ரான்களின் ஸ்பின்னை, அதாவது அவற்றின் உள்ளார்ந்த சிறு காந்தத்தன்மையை, அளப்பதே எங்கள் ஆய்வகத்தின் வேலை. அங்கே புதிதாகச் சேர்ந்த இருவர், பல ஆண்டுகளுக்கு முன் நான் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். மணிக்கட்டில் நிலக்கம்பி கட்டாமல் சில்லைத் தொட்டுக் குழாயை எரித்துவிடுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை; ஒருமுறை எரித்தவர் மறுமுறை எரிப்பதில்லை.

துள்ளலைக் கண்டதும் ஸ்பின் என்று முடிவுகட்டுதல்

குழாயின் இரு முனைகளிலும் ஃபெர்ரோ காந்த மின்முனைகளைப் பதித்துக் காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போனால், அவற்றின் காந்தமாக்கம் இணையாக இருக்கும்போது ஒரு மின்தடையும் எதிரெதிராக இருக்கும்போது வேறொரு மின்தடையும் கிடைக்கும் என்பதே ஸ்பின் வால்வின் அடிப்படை. 1999இல் சுகாகோஷி குழுவினர் கோபால்ட் முனைகளுடன் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட குழாயில் 4.2 கெல்வினில் சுமார் 9 விழுக்காடு மாற்றத்தைக் கண்டதிலிருந்து, இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது அந்த மின்தடைத் துள்ளலைத்தான்.

எனக்கும் அது கிடைத்தது. குழாயில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றும் 'கேட்' என்ற மின்முனையின் மின்னழுத்தத்தைச் சற்றே நகர்த்தியதும் அதன் குறி தலைகீழானது. 2005இல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழு பல்லேடியம்-நிக்கல் முனைகளுடன் இத்தகைய குறிமாற்றத்தை வெளியிட்டிருந்ததால், அதையே நானும் கண்டுவிட்டதாக நம்பி ஐந்து மாதங்களையும், அத்தனை மாதங்களுக்கான திரவ ஹீலியத்தையும் கரைத்தேன். ஒருநாள் என் வரைபடத்தைப் பார்த்த மூத்த ஆய்வாளர், "ஒரு முனையைத் தங்கத்தில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். போட்டுப் பார்த்தேன். ஒரேயொரு காந்த முனை கொண்ட அந்தச் சாதனத்திலும் துள்ளல் ஏறக்குறைய அதே புலத்தில் வந்து நின்றது. இணையாகவோ எதிராகவோ நிற்பதற்கு அங்கே இரண்டாவது காந்தமே இல்லை.

இதற்குக் காந்தக் கூலும் விளைவு என்று பெயர். நானோகுழாய்ச் சாதனங்களில் அது எப்படி ஏமாற்றும் என்பதை 2006இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு விளக்கியது. ஃபெர்ரோ காந்தத்தில் இருவகை ஸ்பின்களுக்கும் ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியுள்ள ஆற்றலின் மேல் எல்லையில்) உள்ள நிலைகளின் அடர்த்தி சமமன்று. ஆகையால் புலம் ஏற ஏற அந்த மட்டம் சிறிது சிறிதாக நகர்கிறது, காந்தமாக்கம் திரும்பும் கணத்தில் நகர்வு சட்டென்று எதிர்ப்பக்கம் தாவுகிறது. குழாய்க்கோ அது யாரோ கேட்டை லேசாகத் திருகியது போலவே படுகிறது. கேட்டைத் திருகும்போது மின்னோட்டம் ஏறி இறங்கும் கூலும் முகட்டின் சரிவில் நிற்கும் சாதனத்தில் அந்தச் சிறு திருகல் பெரிய துள்ளலாகிறது. முகட்டின் மறுசரிவுக்குப் போனால் குறியும் மாறிவிடுகிறது. உண்மையான ஸ்பின் வால்விலும் குறி மாறலாம் என்பதுதான் இதிலுள்ள கண்ணி. குறிமாற்றத்தை மட்டும் சான்றாகக் கொண்டு யாராவது வந்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஒற்றைக் காந்த முனைச் சாதனத்தை அதே சில்லிலேயே செய்துவிடுங்கள். முடிந்தால் நான்கு முனைகள் வைத்து, மின்னோட்டம் பாயாத பகுதியில் மின்னழுத்தத்தை அளந்துபாருங்கள்.

புலத்தின் திசையை உத்தேசமாக வைத்தல்

3 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயில் எலக்ட்ரான் குழாயைச் சுற்றி ஓடுவதால் வரும் சுற்றுப்பாதைக் காந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ 10 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்தத்தை அளக்கும் அலகு). ஸ்பின்னுடையது 1 மட்டுமே. எனவே குழாய்க்குச் செங்குத்தாக வைத்ததாக நீங்கள் நினைக்கும் புலம் ஆறு பாகை சாய்ந்திருந்தாலே சுற்றுப்பாதையின் பங்கு ஸ்பின்னுக்குச் சமமாகிவிடும். 2008இல் கார்னெல் குழு 0.37 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவுள்ள ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிளவை (ஸ்பின்னும் சுற்றுப்பாதை இயக்கமும் பிணைவதால் ஆற்றல் மட்டங்கள் பிரிவதை)க் கண்டது, குழாயின் அச்சை ஒட்டியே புலத்தைச் செலுத்தியதால்தான்.

கணக்குப் போடாமல் குளிர்வித்தல்

4.2 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.36 மில்லி எலக்ட்ரான்வோல்ட். 1 டெஸ்லா புலம் ஸ்பின் நிலைகளைப் பிரிப்பதோ 0.12 மில்லி எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே; வெப்பக் கலக்கத்தில் அந்தப் பிளவு மறைந்துவிடும்.

கார்பனுக்கு அணுக்கரு ஸ்பின் இல்லை என்றிருத்தல்

இயற்கைக் கார்பனில் 1.1 விழுக்காடு கார்பன்-13, அதற்கு உண்டு. குழாயை வளர்க்கும் மெத்தேன் வாயுவின் உருளையை வாங்கும் நாளிலேயே எந்தக் கார்பன் வேண்டும் என்பதை முடிவுசெய்தாக வேண்டும்.